ஜாவா லம்டா: அம்புக்குறியை விடுங்கள், அது போய் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான். ஒலுவில் கம்பஸில் படிக்கும் ஒரு தங்கச்சி, சம்மாந்துறையில் உள்ள ஓர் அரிசி மில்லுக்கு நெல் கொள்வனவுப் பதிவேட்டை ஜாவாவில் செய்துகொண்டிருக்கிறார். லம்டா என்பது, அதாவது அம்புக்குறி போட்டுப் பெயரில்லாமல் எழுதும் சிறு மெதட், பெயர் வைக்காமல் அங்கேயே எழுதும் அனொனிமஸ் கிளாஸைச் சுருக்கி எழுதும் வழி, வேறொன்றும் இல்லை என்று படித்திருக்கிறார். ஆனால் எழுதத் தொடங்கினால் மூன்று இடத்தில் கொம்பைலர் மறிக்கிறது. கிலோப்படி வரிசைப்படுத்தி அதைத் தலைகீழாக்கப் போனால் எரர். லம்டாவுக்குள் மொத்தக் கிலோவைக் கூட்டப் போனால் எரர். லம்டாவுக்குள் பைல் ஒன்றைத் திறந்தால் எரர். கடைசியாக, "பிரெடிகேட், பங்ஷன், சப்ளையர் என்று இத்தனை பெயரையும் பாடமாக்கத்தான் வேணுமா அண்ணா? இருக்கிற போர் லூப்பை எல்லாம் மாற்றவும் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் படித்தது பாதி சரி, தங்கச்சி. விடுபட்ட பாதி இது: லம்டாவுக்கென்று சொந்த வகை கிடையாது. அது எந்த இடத்தில் போய் உட்காருகிறதோ, அந்த இடம்தான் அதற்கு வகையைக் கொடுக்கிறது. அந்த இடத்தின் வகை ஒரு பங்ஷனல் இன்டர்பேஸாக, அதாவது நிரப்பவேண்டிய மெதட் ஒன்றே ஒன்று உள்ள இன்டர்பேஸாக, இருக்கவேண்டும். ஆகவே அம்புக்குறியைப் பார்த்துப் படிக்கத் தொடங்காமல் இன்டர்பேஸைப் பார்த்துப் படிக்கத் தொடங்குங்கள். உங்களுடைய எரர்களில் இரண்டு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

தொடங்குமுன் ஒன்று. கீழே வரும் லம்டா வரிகளைத் தமிழ்ப் பெயர்களில்தான் எழுதியிருக்கிறேன். விளையாட்டுக்கு அல்ல. கிளாஸ், மெதட், வேரியபிள் பெயர்களுக்கு ஜாவா யூனிகோட் எழுத்துகளை ஏற்றுக்கொள்கிறது, அதனால் இந்த வரிகள் அப்படியே கொம்பைல் ஆகும். ஜாவா 18-இல் இருந்து யு.டி.எப்.-8 தான் இயல்பான குறியாக்கம். அதற்கு முந்திய பதிப்பை விண்டோஸில் வைத்திருந்தால், கொம்பைல் செய்யும்போது குறியாக்கத்தை நீங்களே சொல்லவேண்டி வரும். நூலகத்தின் பெயர்களை மட்டும் நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிவேட்டில் 'வரவு' என்று ஒரு கிளாஸ் இருக்கிறது என்று வைப்போம். ஒரு விவசாயி கொண்டுவந்து இறக்கிய நெல்: அதன் இனம், கிலோ, ஈரப்பதன் சதவீதம். காய்ந்த நெல்லுக்கு வழமையான வரம்பு 14 சதவீதம். பெரும்போக அறுவடை நேரம் மழை விட்டு விட்டுப் பெய்தால், தார் ரோட்டோரம் காயப்போட்டும் அந்த வரம்புக்குள் வராத நெல் நிறைய வரும். அதைப் பிரிக்கிற நிபந்தனை:

வ -> வ.ஈரம்() <= 14

இந்த வரியின் வகை என்ன? இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிரெடிகேட் (ஒன்றை வாங்கி ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் இன்டர்பேஸ்) என்று அறிவித்த வேரியபிளில் போட்டால் அது பிரெடிகேட். வரவைக் கொடுத்தால் பூலியன் திருப்பும் பங்ஷன் என்று அறிவித்த இடத்தில் போட்டால் அது பங்ஷன். எழுத்து ஒன்று, வகை இரண்டு. ஜாவா 10-இல் வந்த வார் என்ற சொல்லைப் போட்டு, வகையைக் கொம்பைலரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் எரர்தான் வரும். ஒப்ஜெக்ட் வகை வேரியபிளில் போட்டாலும் எரர். இடம் வகையைச் சொல்லாவிட்டால் கொம்பைலர் எதைப் பிடித்துக்கொண்டு தீர்மானிப்பது?

ஏன் இப்படி அமைத்தார்கள் என்று தெரிந்தால் மனதில் நிற்கும். லம்டா வந்தது ஜாவா 8-இல், 2014 மார்ச் மாதம். ஜே.எஸ்.ஆர். 335 (ஜாவாவில் மாற்றம் கொண்டுவருவதற்கான முறைப்படியான முன்மொழிவு) என்ற அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் பிரையன் கோட்ஸ். மொழிக்குள் 'பங்ஷன் வகை' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அதுவரை எழுதிய நூலகங்கள் எல்லாம் ஒரு பக்கம், புதிய வகை இன்னொரு பக்கம் என்று ஆகியிருக்கும். அவர்கள் வேறு வழி எடுத்தார்கள். ரன்னபிள் ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. இரண்டை ஒப்பிட்டு எது முந்தியது என்று சொல்லும் கொம்பரேட்டர் 1.2-இல் வந்தது, கோலபிள் ஜாவா 5-இல். இவை எல்லாவற்றிலும் நிரப்பவேண்டிய மெதட் ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு மெதட் என்றால், லம்டா நிரப்புவது எதை என்பதில் குழப்பமே வராது. அதனால் 2014-க்கு முன் எழுதிய இன்டர்பேஸ்கள் ஒரு எழுத்தும் மாறாமல் லம்டாவை ஏற்றுக்கொண்டன. என் கணிப்பில் ஜாவாவில் செய்த மிகக் கெட்டிக்காரத்தனமான வேலைகளில் இது ஒன்று.

ஆக, பங்ஷனல் இன்டர்பேஸ் என்றால் உடல் இல்லாத மெதட், அதாவது அப்ஸ்ட்ராக்ட் மெதட், ஒன்றே ஒன்று உள்ள இன்டர்பேஸ். உடலோடு வரும் டிபோல்ட் மெதட்டும் ஸ்டாட்டிக் மெதட்டும் எத்தனை இருந்தாலும் கணக்கில் வராது. வைவாவில் விரும்பிக் கேட்கக்கூடிய ஒரு சின்னப் பொறி இங்கே இருக்கிறது. கொம்பரேட்டரைத் திறந்து பாருங்கள், கொம்பெயார் என்றும் ஈக்வல்ஸ் என்றும் இரண்டு அப்ஸ்ட்ராக்ட் மெதட் இருக்கும். பிறகு எப்படி அது பங்ஷனல் இன்டர்பேஸ்? ஒப்ஜெக்ட் கிளாஸில் ஏற்கெனவே உள்ள பப்ளிக் மெதட்டைத் திரும்பச் சொன்னால் அதை எண்ணுவதில்லை. ஈக்வல்ஸ் அந்த வகை. மிச்சம் ஒன்றுதான்.

தலையில் போடும் பங்ஷனல்இன்டர்பேஸ் அனொட்டேஷன் கட்டாயமில்லை. போட்டால் ஒரு காவல் கிடைக்கும்: உங்கள் குழுவில் யாராவது இரண்டாவது அப்ஸ்ட்ராக்ட் மெதட்டைச் சேர்த்தால், லம்டா எழுதிய இருபது இடத்தில் மட்டும் எரர் வராமல் இன்டர்பேஸிலேயே ஓர் எரர் வரும். நான் எப்போதும் போடுவேன்.

சரி, பாடமாக்குகிற விஷயம். நூலகத்தில் இந்தப் பெயர்கள் இருக்கும் java.util.function என்ற பக்கேஜில் 43 இன்டர்பேஸ் இருக்கிறது. பயப்படவேண்டாம், நாலைத் தெரிந்தால் மிச்சம் தானாக வரும். சப்ளையர் ஒன்றும் வாங்காது, ஒன்றைத் தரும். கொன்சியூமர் ஒன்றை வாங்கும், ஒன்றும் தராது. பிரெடிகேட் ஒன்றை வாங்கி ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். பங்ஷன் ஒன்றை வாங்கி இன்னொன்றைத் தரும். இரண்டை வாங்குபவற்றுக்கு முன்னால் பை என்று ஒட்டியிருக்கும். வாங்குவதும் தருவதும் ஒரே வகையானால் ஒப்பரேட்டர் என்று பெயர். மீதியில் பெரும்பாலானவை இன்ட், லோங், டபிள் என்ற அடிப்படை வகைகளுக்கானவை. ஜாவாவின் ஜெனரிக்ஸ், அதாவது எந்த வகைக்கும் பொருந்தும்படி எழுதும் முறை, இன்ட்டை நேரே ஏற்காது, இன்டிஜர் ஒப்ஜெக்டாகச் சுற்றித்தான் ஏற்கும். இலட்சக்கணக்கான வரிகளில் அந்தச் சுற்றலும் அவிழ்ப்பும் வீண் வேலை. அதைத் தவிர்க்கத்தான் இத்தனை பெயர்.

ஆனால் நூலகத்தில் இருப்பதை மட்டும்தான் பாவிக்கவேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் புரொஜெக்டில் மிகப் பயன்படக்கூடிய இடமே நீங்கள் சொந்தமாக எழுதும் இன்டர்பேஸ்தான். ஈரநெல்லுக்குக் காசு கணக்கிடுவதை எடுங்கள். ஒரு மில்லில் எடைபோட்ட கிலோவுக்கு அப்படியே காசு. இன்னொரு மில்லில் ஈரத்தைக் கழித்து, 14 சதவீதத்தில் அந்த நெல் எத்தனை கிலோ வரும் என்று பார்த்துக் காசு. 'விலைமுறை' என்று ஓர் இன்டர்பேஸ், அதில் 'கணி' என்று ஒரே மெதட், மூன்று டபிள் வாங்கி ஒரு டபிள் தரும் என்று எழுதிவிட்டால், இரண்டு முறையும் இரண்டு வரி:

(கிலோ, ஈரம், விலை) -> கிலோ * விலை

(கிலோ, ஈரம், விலை) -> கிலோ * (100 - ஈரம்) / 86 * விலை

இரண்டாவது வரியில் 86 என்பது 100-இல் 14 போன மிச்சம். 18 சதவீத ஈரத்தோடு 1000 கிலோ வந்தால் அது 953 கிலோ சொச்சமாகக் கணக்காகும். பற்றுச்சீட்டு எழுதும் மெதட்டுக்கு எந்த முறை என்பதே தெரியவேண்டியதில்லை. விலைமுறை ஒன்றை வாங்கும், கணி என்று கூப்பிடும், அவ்வளவுதான். நாளைக்கு மில் முதலாளி, பச்சை நெல்லுக்கு மூடைக்கு இவ்வளவு கழிக்கவேண்டும் என்று புது வழக்கம் சொன்னால் மூன்றாவது வரி ஒன்று எழுதுவீர்கள், பற்றுச்சீட்டுப் பகுதியைத் தொடமாட்டீர்கள். லம்டாவின் உண்மையான இலாபம் இதுதான், எழுத்து மிச்சப்படுவது பின்னால் வருவது. மூன்று வாங்கும் பங்ஷன் நூலகத்தில் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்க, பைபங்ஷன், டபிள், டபிள், டபிள் என்று ஒரு வகையைப் படிக்கிறவருக்கு எது கிலோ எது விலை என்று என்ன தெரியும்? விலைமுறை என்றால் மில்லில் கணக்கு எழுதுபவருக்கும் விளங்கும்.

இனி உங்கள் எரர்கள். முதலில் தலைகீழ் வரிசை. கொம்பரேட்டரின் கொம்பெயாரிங் மெதட்டுக்குள் வ -> வ.கிலோ() என்று கொடுத்து லிஸ்டை வரிசைப்படுத்தினால் வேலை செய்கிறது. அதன் முடிவில் புள்ளி வைத்து ரிவேர்ஸ்ட் என்று சேர்த்ததும், ஒப்ஜெக்டில் கிலோ என்ற மெதட் இல்லை என்கிறது. வெறுப்பாக இருக்கும், நியாயம்தான். ஆனால் மேலே சொன்னதை வைத்துப் பாருங்கள். புள்ளி இல்லாதபோது, வரிசைப்படுத்தும் மெதட் 'வரவுக்கான கொம்பரேட்டர் வேண்டும்' என்று கேட்கிறது, அந்தத் தகவல் லம்டாவரை இறங்குகிறது. புள்ளி வைத்துவிட்டால் அந்தக் கேள்வி ரிவேர்ஸ்ட் தருகிற முடிவோடு நின்றுவிடும், புள்ளிக்கு இடப்பக்கம் வராது. இடப்பக்கம் தனியாக நின்று வகையைத் தீர்மானிக்கவேண்டும், கையில் ஒன்றும் இல்லை, ஆகவே ஒப்ஜெக்ட் என்று எடுத்துக்கொள்கிறது. திருத்தம் எளிது. வகையை நீங்களே சொல்லிவிடுங்கள்:

(வரவு வ) -> வ.கிலோ()

அல்லது மெதட் ரெபரன்ஸ் கொடுங்கள்:

வரவு::கிலோ

இரண்டாவதில் வரவு என்ற பெயர் வரியிலேயே இருக்கிறது, ஊகிக்க ஒன்றும் இல்லை. ஏற்கெனவே உள்ள ஒரு மெதட்டை அப்படியே கூப்பிடுவதைத் தவிர லம்டா வேறு வேலை செய்யாவிட்டால் மெதட் ரெபரன்ஸ்தான் நல்லது. கூப்பிடுவதற்கு மேல் ஏதாவது கணக்கு இருந்தால் லம்டாவாகவே விடுங்கள், வலிந்து மாற்றப்போனால் படிக்க முடியாததாகிவிடும்.

இதே காரணத்தால்தான் லம்டாவை அடைப்புக்குள் போட்டு, நேரே புள்ளி வைத்து, பிரெடிகேட்டின் அன்ட் மெதட்டைக் கூப்பிட முடியாது. வகை இல்லாத ஒன்றில் எந்த மெதட்டைத் தேடுவது? முதலில் பிரெடிகேட் வேரியபிள் ஒன்றில் போடுங்கள், அதற்குப் பிறகு அன்ட், ஓர், நெகேட் எல்லாம் சேர்க்கலாம்.

வரிசைப்படுத்தலை விட்டு நகருமுன் இன்னொன்று. பலரும் எழுதுவது இது:

(அ, ஆ) -> அ.நிலுவை() - ஆ.நிலுவை()

இன்ட்டாக வைத்த கிலோவுக்கு இப்படி எழுதினால் பிரச்சினை வராது, கிலோ பூச்சியத்துக்குக் கீழே போகாது. நிலுவை போகும். முற்பணம் வாங்கிய விவசாயியின் நிலுவை மைனஸில் நிற்கும். நிலுவையைச் சதத்தில் இன்ட்டாக வைத்திருக்கிறீர்கள் என்றால், இன்ட் கொள்ளும் உச்சம் 2147483647 சதம், அதாவது 2 கோடியே 14 இலட்சத்துச் சொச்சம் ரூபா. ஒருவர் 1 கோடியே 50 இலட்சம் பெறவேண்டியவர், இன்னொருவர் 1 கோடி தரவேண்டியவர் என்றால் வித்தியாசம் அதைத் தாண்டிவிடும், விடை மைனஸாகச் சுற்றிவந்து வரிசை பிழைக்கும். எரர் ஒன்றும் காட்டாது, அதுதான் மோசம். கழிக்காமல் இன்டிஜர் கிளாஸின் கொம்பெயார் மெதட்டைக் கூப்பிடுங்கள், அல்லது கொம்பெயாரிங்இன்ட்டைப் பாவியுங்கள். காசை லோங்கில் வைப்பது அதைவிட முந்திச் செய்யவேண்டிய வேலை.

அடுத்தது மொத்தம் கூட்டுவது. வெளியே 'மொத்தம்' என்று ஒரு லோக்கல் வேரியபிள், உள்ளே லம்டாவில் அதைக் கூட்டப் பார்த்தீர்கள். லம்டா தொடக்கூடிய லோக்கல் வேரியபிள் பைனலாகவோ, பைனல் என்று எழுதாவிட்டாலும் ஒரு தடவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கப்படாததாகவோ இருக்கவேண்டும். காரணம், லோக்கல் வேரியபிள் அந்த மெதட் முடிந்ததும் போய்விடும். லம்டாவோ பிறகு எப்போதோ, வேறொரு திரெட்டில்கூட, அதாவது பக்கத்தில் சேர்ந்தோடும் இன்னொரு வேலைத்தொடரில்கூட, ஓடலாம். அதனால் ஜாவா வேரியபிளைக் கொடுப்பதில்லை, மதிப்பின் பிரதியைக் கொடுக்கிறது. பிரதியை மாற்ற விட்டால், வெளியே உள்ளது ஒன்று சொல்லும், உள்ளே உள்ளது ஒன்று சொல்லும். ஆகவே படிக்கலாம், மாற்ற முடியாது:

வ -> வ.ஈரம்() <= வரம்பு

இது சரி, ஆனால் வரம்பு என்பதற்கு அந்த மெதட்டில் வேறெங்காவது இரண்டாம் தடவை மதிப்புக் கொடுத்திருந்தால் இந்த வரியிலும் எரர் வரும். கிளாஸின் பீல்டுகளுக்கு இந்தத் தடை இல்லை.

இணையத்தில் தேடினால், ஒரே ஓர் இடமுள்ள அரே ஒன்று செய்து அதற்குள் கூட்டுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். கொம்பைலர் விடும், நான் விடமாட்டேன். லிஸ்டைப் பல திரெட்டுக்குப் பிரித்து ஓட்டும் பரலல் ஸ்ட்ரீமுக்கு மாற்றிய அன்றைக்கு இரண்டு திரெட் ஒரே இடத்தில் கூட்டி, மொத்தம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று வரும். ஸ்ட்ரீமில் மப்டுஇன்ட்டுக்கு வரவு::கிலோ கொடுத்து, கிலோ டபிளாக இருந்தால் மப்டுடபிள், அதன் முடிவில் சம் என்று கூப்பிடுங்கள். வெளியே ஒரு வேரியபிளே தேவையில்லை.

மூன்றாவது, பைல். லம்டாவுக்குள் வரும் எக்செப்ஷனுக்கும் இன்டர்பேஸ்தான் பதில் சொல்லவேண்டும். பங்ஷனின் அப்ளை மெதட்டில் 'இந்த எக்செப்ஷனை எறியலாம்' என்று ஓர் அறிவிப்பும் இல்லை. ஆகவே ஐ.ஓ. எக்செப்ஷன் போன்ற செக்ட் எக்செப்ஷனை (கட்டாயம் பிடிக்கவோ அறிவிக்கவோ வேண்டியதை) வெளியே எறிய லம்டாவுக்கு அனுமதி இல்லை. கோலபிளின் கோல் மெதட்டில் அந்த அறிவிப்பு இருக்கிறது, அதே உடலை அங்கே போட்டால் கொம்பைல் ஆகும். உங்களுக்கு வழி இரண்டு: உள்ளேயே பிடித்து அன்செக்ட்ஐ.ஓ. எக்செப்ஷனில் சுற்றி எறியுங்கள், அல்லது எக்செப்ஷனை அறிவித்த சொந்த இன்டர்பேஸ் எழுதுங்கள். பிடித்துவிட்டுச் சும்மா விடுவது வழி அல்ல. அன்றைய வரவுப் பைல் திறக்காவிட்டால் மில்லில் யாருக்காவது தெரியவேண்டும்.

அனொனிமஸ் கிளாஸின் சுருக்கம்தானா என்ற முதல் கேள்விக்கு இப்போது வருவோம். வேறுபாடு மூன்றைச் சொல்கிறேன். அனொனிமஸ் கிளாஸுக்குள் திஸ் என்றால் அந்தக் குட்டி ஒப்ஜெக்ட், லம்டாவுக்குள் திஸ் என்றால் வெளியே உள்ள உங்கள் கிளாஸ். அனொனிமஸ் கிளாஸுக்குள் வெளியே உள்ள லோக்கல் வேரியபிளின் பெயரையே திரும்ப வைக்கலாம், லம்டாவில் வைத்தால் ஏற்கெனவே இருக்கிறது என்று எரர். கொம்பைல் செய்து போல்டரைப் பாருங்கள்: ஒவ்வொரு அனொனிமஸ் கிளாஸுக்கும் டொலர் குறியும் இலக்கமும் ஒட்டிய தனிக் கிளாஸ் பைல் கிடக்கும், லம்டாவுக்கு அப்படி ஒன்றும் இருக்காது. லம்டாவின் உடல் உங்கள் கிளாஸிலேயே ஒரு பிரைவேட் மெதட்டாகப் போய்விடும், அதைக் கோர்ப்பது ஓடும் நேரத்தில் இன்வோக்டைனமிக் என்ற கட்டளை வழியாக நடக்கும். அந்தக் கட்டளை ஜாவா 7-இல் வேறு தேவைக்காக வந்தது, லம்டாவுக்குக் கைகொடுத்தது. அனொனிமஸ் கிளாஸ் இன்னும் வேண்டிய இடங்கள் உண்டு: உள்ளே சொந்த பீல்ட் வைக்கவேண்டும் என்றால், இரண்டு மெதட் நிரப்பவேண்டும் என்றால், இன்டர்பேஸ் இல்லாமல் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்றால்.

போர் லூப்பை மாற்றுவது பற்றி. எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். வடிகட்டி, மாற்றி, கூட்டுகிற லூப்பை ஸ்ட்ரீமாக்கினால் படிக்கச் சுகம். பூச்சியக் கிலோ வரவுகளை லிஸ்டிலிருந்து நீக்குகிற லூப்பைக் கட்டாயம் மாற்றுங்கள். லூப் ஓடும்போதே லிஸ்டிலிருந்து நீக்கினால் கொன்கரன்ட் மொடிபிகேஷன் எக்செப்ஷன் வரக்கூடும், ரிமூவ்இப் என்ற மெதட்டுக்கு வ -> வ.கிலோ() == 0 என்று கொடுத்தால் ஒரே வரியில் முடியும். பற்றுச்சீட்டு அச்சடித்துக்கொண்டே போய், பேப்பர் முடிந்தால் நடுவில் நின்று, எந்த இலக்கத்தில் நின்றது என்று எழுதிவைக்கிற லூப் ஒன்று உங்களிடம் இருக்கிறதே, அதை அப்படியே விட்டுவிடுங்கள். பிரேக்கும் எண்ணிக்கையும் உள்ள அந்த வேலைக்குப் போர் லூப்தான் பொருத்தம், அதைப் பார்த்து யாரும் மார்க் குறைக்கமாட்டார்கள்.